ஆயர் இலச்சினை: சொல்லும் பொருளும்

கத்தோலிக்க மறைமாவட்டத் தலைவரான ஆயர் (பிஷப்) பொறுப்பேற்கும் திருநிலைப்பாட்டு விழாவின் அழைப்பிதழ் கைக்கு வந்தால் முகப்பில் ஒரு கேடயப் படம் இருக்கும். அதன் மேல் அகன்ற விளிம்புள்ள பச்சைத் தொப்பி, இருபுறமும் தொங்கும் குஞ்சங்கள், பின்னால் தலைகாட்டும் சிலுவை, அடியில் ஒரு பட்டையில் நாலைந்து சொற்கள். இதை "ஆயரோட லோகோ" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இதற்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, அதுவும் ஆங்கிலச் சொல்லைவிடப் பொருத்தமான சொல்.

ஆங்கிலத்தில் இது 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்'. 'கோட்' என்பது நாம் நினைக்கிற அதே மேலாடைதான். 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போர்வீரன் தலைக்கவசம் மாட்டிவிட்டால் முகம் தெரியாது. யார் என்று அடையாளம் காட்டக் கேடயத்தில் குறிகள் தீட்டினார்கள். கவசத்தின் மேல் போர்த்திய துணியிலும் அதே குறிகள் ஏறின. பெயர் அங்கிருந்து வந்தது. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் 'படைக்கலச் சின்னம்' என்று எழுதினால், ஆடு மேய்ப்பவரின் கையில் வாளைக் கொடுத்தது போல் ஆகிவிடும். 'ஆயர்' என்ற சொல்லே மேய்ப்பரைத்தானே குறிக்கிறது!

ஆயர்கள் இந்தச் சின்னத்துக்கு வந்த வழி போர்க்களம் அல்ல, மெழுகு முத்திரை. ஆவணங்களுக்கு முத்திரை வைக்கும் வழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்தது. அந்த முத்திரைகளுக்குள்தான் கேடய வடிவம் பின்னர் நுழைந்தது. அதனால்தான் 'இலச்சினை' என்ற சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. 'அடையாளம்' என்று பொருள்படும் 'லாஞ்சனம்' என்ற வடசொல்லிலிருந்து வந்து, தமிழில் முத்திரை என்ற பொருளில் ஊன்றிவிட்ட சொல் அது. தனித்தமிழ் வேண்டுவோருக்குப் 'பொறி' உண்டு. இமயத்தில் பொறித்த சேரன் சின்னத்தைப் புறநானூற்றின் 39ஆம் பாட்டு 'விற்பொறி' என்கிறது. முழு அமைப்பை இலச்சினை என்றும், கேடயத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் உருவையும் பொறி என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியும் இரு மீனும் வில்லும் பொறிகள். மேலே குடையும் சாமரமும் பதவியைக் காட்டுகின்றன. ஆயர் இலச்சினையில் அந்தக் குடையின் வேலையைச் செய்வது தொப்பி.

இந்தத் தொப்பிக்கு 'கலேரோ' என்று பெயர். போர்வீரர் தலைக்கவசம் வரைந்த இடத்தில் திருப்பணியாளர் இதை வரைந்தனர். படத்தைப் பார்த்ததும் குஞ்சங்களை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு என்றால் ஆயர், பத்து என்றால் பேராயர். இருவருக்கும் நிறம் பச்சை. திருத்தந்தைக்கு (போப்) அடுத்த நிலையில் உள்ள கர்தினாலுக்குச் சிவப்பு, பக்கத்துக்குப் பதினைந்து. கேடயத்தின் பின்னால் நிற்கும் சிலுவைக்கு ஆயர் என்றால் ஒரு குறுக்குச் சட்டம், பேராயர் என்றால் இரண்டு. முன்பெல்லாம் கூம்புத் தலையணியையும் செங்கோலையும் சேர்த்து வரைவார்கள். ஆயர்களும் கர்தினால்களும் கேடயத்தோடு அவற்றை வரைவதை 1969-இல் வத்திக்கான் நிறுத்திவிட்டது.

ஆனால் உயிர் இருப்பது கேடயத்துக்குள்ளேதான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பெர்கோலியோ என்ற இயற்பெயரோடு 1992-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் துணை ஆயரானபோது ஏற்ற இலச்சினையையே எடுத்துக்கொள்வோம். நீலக் களத்தில் மூன்று பொறிகள். நடுவே கதிர்விடும் சூரியனில் இயேசுவின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள். அது அவர் சேர்ந்திருந்த இயேசு சபை என்ற துறவற சபையின் பொறி. கீழே ஒரு விண்மீன், அது அன்னை மரியா. அதன் அருகில் இருப்பதைத் திராட்சைக் குலை என்று பலரும் நினைத்தார்கள். அது ஸ்பானிய மரபில் மரியாவின் கணவர் புனித சூசையப்பர் கையில் ஏந்தும் நார்தோ மலர். 1998-இல் பேராயர், 2001-இல் கர்தினால் என்று அவர் உயர உயரக் குஞ்சங்கள் கூடின, தொப்பி சிவந்தது. 2013-இல் திருத்தந்தையானதும் தொப்பியே போய்த் தலையணியும் பேதுருவின் சாவிகளும் வந்தன. கேடயத்துக்குள் விண்மீனின் முனைகள் ஐந்திலிருந்து எட்டானது போன்ற சிறு திருத்தங்கள் மட்டுமே. பதவி வெளியே, மனிதர் உள்ளே.

பட்டையில் எழுதும் சொற்களை நம் கத்தோலிக்கர் 'விருதுவாக்கு' என்பார்கள். இன்று விருது என்றால் பரிசு. ஆனால் பழைய தமிழில் அது கொடியையும் சின்னத்தையும் பட்டப்பெயரையும் குறித்தது. 'விருதுக்கொடி' என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஆகவே விருதுவாக்கு என்றால் பரிசு வாங்கிய வாக்கு அல்ல, சின்னத்தோடு சேர்ந்த வாக்கு.

பிரான்சிஸின் விருதுவாக்கு 'மிசெராந்தோ அத்குவே எலிஜெந்தோ'. வரிதண்டும் மத்தேயுவை இயேசு அழைத்ததைப் பற்றி ஆங்கிலத் துறவி புனித பீட் ஆற்றிய மறையுரையிலிருந்து எடுத்தது. இளைஞர் பெர்கோலியோ இறை அழைத்தலை உணர்ந்ததும் 1953-இல், மத்தேயு திருநாளன்றுதான். 'மிசெராந்தோ' என்ற இலத்தீன் வடிவத்தை இத்தாலியத்திலோ ஸ்பானியத்திலோ பெயர்க்க முடியவில்லை என்று அவரே 2013-இல் ஒரு நேர்காணலில் சொன்னார். அதற்காகப் புதிதாக ஒரு சொல்லையே உருவாக்கிப் பார்த்தார். தமிழில் அந்தச் சிரமம் இல்லை. நம் வினையெச்சம் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது: 'இரங்கி, தேர்ந்து'.