ஆய்வகத்திலிருந்து மருந்துப் பரிசோதனை மேலாண்மைக்கு

உயிர்வேதியியலிலோ நுண்ணுயிரியலிலோ முதுகலை முடித்துச் சில ஆண்டுகள் ஆய்வகத்தில் பணிபுரிந்தபின், கிளினிக்கல் டிரையல், அதாவது மனிதர்களிடம் நடத்தும் மருந்துப் பரிசோதனையின் மேலாண்மைக்கு வர விரும்புவோரை நேர்காணல் செய்வது என் பணிகளுள் ஒன்று. அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் இயக்கிய கருவிகளின் பெயர்களை அடுக்குவார்களே தவிர, இத்துறையில் உண்மையில் மதிப்புள்ள தங்கள் பழக்கத்தை, அதாவது செய்ததைச் செய்த நேரத்திலேயே தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை, சொல்வதே இல்லை.

ஆய்வகத்தில் ஒரு சோதனை பிசகினால் மறுநாள் திரும்பச் செய்யலாம். மருந்துப் பரிசோதனையில் அந்த வசதி கிடையாது. ஒப்புதல் படிவத்தில் பங்கேற்பாளர் 10.40 மணிக்குக் கையொப்பமிட்டிருக்க, பரிசோதனைக்கென எடுத்த இரத்தக் குழாயின் லேபிளில் 10.15 என்றிருந்தால், ஒப்புதலுக்கு முன்பே இரத்தம் எடுத்ததாகிறது; முடிவு எவ்வளவு துல்லியமானதானாலும் அது விதிமீறலே. அதை உள்ளபடி பதிவுசெய்து, பங்கேற்பாளர்களின் நலனைக் காக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும், பரிசோதனையை நடத்தப் பொறுப்பேற்ற ஸ்பான்ஸருக்கும் தெரிவிப்பதைத் தவிர வேறு வழியில்லை. யாரேனும் 10.40ஐ 10.10 என்று மாற்றி எழுதினால், விதிமீறல் மோசடியாகிவிடும். உண்மையான எழுத்துப்பிழைக்குக்கூட, பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு கிழித்து, சரியானதை அருகில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மைக்கு இங்கே இடமே இல்லை.

ஆய்வகத்தில் வெறும் எண்ணாக வந்த மாதிரிக்குப் பின்னால் இங்கே ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார் என்பதே பலருக்குப் பழகாத செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் அளிக்கும்போது, சார்பற்ற சாட்சி ஒருவர் முழு உரையாடலின்போதும் உடனிருக்க வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, தீவிர பாதக நிகழ்வு (மரணம், மருத்துவமனையில் சேர்க்க நேரும் பாதிப்பு போன்றது) ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் அறிக்கை அனுப்ப வேண்டும். அது ஞாயிறா, பொங்கலா என்று விதி பார்ப்பதில்லை.

பெருந்தொகை கட்டிச் சேரும் பட்டயப் படிப்புகள் வேலைக்கு உத்தரவாதம் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். மருந்துப் பரிசோதனையை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நன்மருத்துவ ஆய்வு நெறிமுறைகளில் (Good Clinical Practice) பயிற்சிச் சான்றிதழ் அவசியம்தான். ஆனால் அது சில மணி நேர இணையவழிப் பயிற்சியிலேயே கிடைத்துவிடும். நேரடியாக மேலாளர் பதவியும் எளிதில் கிடைக்காது. மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகவோ, பல ஊர்களுக்குப் பயணம் செய்து ஆய்வுப் பதிவுகளைச் சரிபார்க்கும் மானிட்டராகவோ தொடங்குவதே வழக்கம். ஊதியம் முதலில் குறையவும் கூடும். என் பரிந்துரை ஒருங்கிணைப்பாளர் பணியே. புறநோயாளிகள் பிரிவின் நெரிசலில் தகுதியான ஒருவரைக் கண்டறிந்து, படிவத்தை விளக்கி, வீட்டாரிடம் கேட்டுவர அவகாசம் கொடுத்துச் சேர்ப்பதற்கு எத்தனை நாளாகும் என்று அறிந்தவரே, பின்னர் மேலாளராகும்போது நடைமுறைக்கு ஒத்துவரும் கால அட்டவணையைப் போடுவார்.