வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதனை போட்டார்கள்: அப்பீலில் அது எவ்வளவு தூரம் உதவும்?

"சார், அவங்க வாரண்டே காட்டலை. கதவைத் தட்டினாங்க, திறந்ததும் உள்ளே நுழைஞ்சுட்டாங்க. அப்பீலுக்கு இது ஒண்ணு போதாதா?"

மதுரை ஹைகோர்ட் கிளையில் குற்றவியல் மேல்முறையீடுகள் நடத்தி வருகிறேன். கஞ்சா வழக்கில் தண்டனை வாங்கியவரின் அம்மாவோ மனைவியோ காகிதக் கட்டோடு வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். போதாது என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடிப்போவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். வாரண்ட் இல்லாமல் உள்ளே வருவதற்குச் சட்டம் போலீசாருக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறது? அதை அவர்கள் எந்தக் காகிதத்தில், எத்தனை மணிக்கு எழுதி வைத்தார்கள்?

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொன்னால் இது புரியும். ஆள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஓட்டு வீடு. விடியற்காலை 4.40 மணிக்குச் சோதனை. அடுப்படியில் இரண்டு சாக்கு, மொத்தம் 21 கிலோ 500 கிராம் கஞ்சா. பரண் மேல் ஒரு நாட்டுத் துப்பாக்கி. அந்த வீட்டுப் பையனுக்குக் கஞ்சாவுக்காக 10 வருடம் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம்; ஆயுதச் சட்டத்தில் 2 வருடம். இரண்டையும் ஒரே காலத்தில் அனுபவிக்கலாம் என்று தீர்ப்பு. என்னிடம் வந்தவர் அவனுடைய அம்மா.

கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளுக்கான என்.டி.பி.எஸ். சட்டம் 1985-இல் வந்தது. அதன் 41-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் சோதனை வாரண்ட் கொடுக்கலாம். கெஜட்டட் அதிகாரி ஒருவர் தனக்குக் கீழே உள்ளவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்பவும் அந்தப் பிரிவில் வழி உண்டு. 42-ஆம் பிரிவு, அரசாணையால் அதிகாரம் பெற்ற அதிகாரி வாரண்ட் இல்லாமலேயே வீட்டுக்குள் நுழைய இடம் கொடுக்கிறது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. யாரோ தகவல் சொன்னார்கள் என்றால் அதை முதலில் எழுத வேண்டும். எழுதியதன் நகலை 72 மணி நேரத்துக்குள் நேரடி மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்து மறுநாள் உதிப்பதற்குள் உள்ளே போவதாக இருந்தால், வாரண்ட் வாங்கிவரப் போனால் சரக்கை மறைத்துவிடுவார்கள் அல்லது ஆள் தப்பிவிடுவான் என்று ஏன் நம்பினார் என்பதற்கான காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

பொது இடத்தில் எடுத்தால் 43-ஆம் பிரிவு. அங்கே இந்த எழுத்து வேலை எதுவும் கிடையாது. 'வீட்டில்தான் எடுத்தாங்க, ரோட்டுல எடுத்ததா எழுதிட்டாங்க' என்று கட்சிக்காரர்கள் சொல்லும்போது நான் காது கொடுத்துக் கேட்பது இதனால்தான். எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பது மாறினால் சட்டமே மாறிவிடுகிறது.

இந்த நிபந்தனைகளை மீறினால் என்ன ஆகும்? இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. சினிமாவிலும் யூடியூபிலும் அமெரிக்க வழக்குகளைப் பார்த்துவிட்டு, சோதனை தப்பு என்றால் எடுத்த பொருளே சாட்சியம் ஆகாது என்று நினைக்கிறார்கள். அங்கே 1961-இல் மாப் வழக்கில் வந்த தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது. நம் நாட்டில் அந்த விதி இல்லை. 1974-இல் பூரன்மல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு, சட்டவிரோதச் சோதனையில் எடுத்தது என்ற காரணத்துக்காக மட்டும் சாட்சியத்தை ஒதுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால் 1963-இல் ராதாகிஷன் வழக்கிலும் இதே போக்குதான். சோதனை முறைகேடாக இருந்தாலும் கைப்பற்றியது அதனால் செல்லாமல் போகாது. கைப்பற்றியதாகச் சொல்லும் சாட்சியத்தைக் கோர்ட் கூடுதல் கவனத்தோடு பார்க்கும், அவ்வளவுதான்.

என்.டி.பி.எஸ். வழக்கு மட்டும் இதிலிருந்து விலகி நிற்கிறது. தண்டனை அவ்வளவு கடுமை என்பதால், நடைமுறையையும் அதே கடுமையோடு பார்க்க வேண்டும் என்று கோர்ட்டுகள் முடிவு செய்தன. இரவில் நுழையும்போது காரணத்தை எழுதாதது விசாரணையையே பாதிக்கும் என்று 1994-இல் பல்பீர் சிங் வழக்கு சொன்னது. 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைத் தெளிவாக்கியது. எழுதுவதிலும் அனுப்புவதிலும் தாமதம் ஆகியிருந்தால், அதற்குத் திருப்தியான விளக்கம் இருக்கும்போது ஏற்கலாம். அடியோடு செய்யாமல் விட்டிருந்தால் ஏற்க முடியாது. நான் அப்பீல் கட்டைப் பிரித்ததும் தேடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைத்தான்.

இந்த வழக்கில் தகவல் அறிக்கை இருந்தது. அதிகாலை 3.30-க்குத் தகவல் வந்ததாகவும், அதை எழுதி மேலதிகாரிக்கு அனுப்பியதாகவும் இருந்தது. கைப்பற்றியதை அந்த இடத்திலேயே எழுதும் மகஜரில் சோதனை நேரம் 4.40. இரவில் போவதற்கான காரணம் மட்டும் எங்குமே இல்லை. தகவல் அறிக்கையிலும் இல்லை, முதல் தகவல் அறிக்கையிலும் இல்லை, மகஜரிலும் இல்லை. ஆனாலும் எனக்குத் தெம்பு கொடுத்தது இதைவிட வேறொன்று. கீழ்க்கோர்ட்டில் நடத்திய வக்கீல் குறுக்கு விசாரணையில் இன்ஸ்பெக்டரிடம் மூன்றே கேள்விகள் கேட்டிருந்தார். சோதனை சூரிய உதயத்துக்கு முன்பா? ஆமாம். வாரண்ட் கேட்டு மாஜிஸ்திரேட்டை அணுகினீர்களா? இல்லை. அணுக முடியாததற்கான காரணத்தை எழுதிய ஆவணம் ஏதாவது இருக்கிறதா? அப்படித் தனியாக எழுதவில்லை. மூன்று பதிலும் பதிவாகியிருந்தன.

அந்த மூன்று கேள்வி இல்லாமல் நான் மட்டும் ஹைகோர்ட்டில் போய் நின்றிருந்தால், அரசுத் தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 'கேட்டிருந்தால் சாட்சி விளக்கியிருப்பார், கேட்கவே இல்லையே' என்பார்கள். அந்த வாதம் எடுபடவும் செய்யும். நடைமுறைக் குறை என்றால், அதனால் நீதி தவறியதா, அதை முதலிலேயே எழுப்பியிருக்க முடியாதா என்று பார்க்கச் சொல்லும் விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 465-ஆம் பிரிவாக இருந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் இப்போது 511. அப்பீலில் பெரும்பாலும் புதுச் சாட்சி வராது. கீழே பதிவானதை வைத்துத்தான் மேலே பேச வேண்டும். கீழ்க்கோர்ட்டில் சும்மா ஒருவரை வைத்து ஓட்டிவிட்டு மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தப் பணத்தையும் கவனத்தையும் முதலில் அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

அப்புறம், என்.டி.பி.எஸ். சட்டத்தின் 50-ஆம் பிரிவு. கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை செய்யக் கேட்கும் உரிமை உண்டு என்று சொல்லவில்லை, அதனால் கேஸ் நிற்காது என்று பலர் நம்புகிறார்கள். அது உடம்பில் செய்யும் சோதனைக்கு மட்டும்தான். 2005-இல் பவன்குமார் வழக்கிலேயே, கையில் வைத்திருக்கும் பைக்கு அது பொருந்தாது என்று சொல்லியாகிவிட்டது. அடுப்படிச் சாக்குக்கும் பொருந்தாது. ஆனால் சட்டைப்பையிலோ மடியிலோ எடுத்ததாக வழக்கு என்றால் அது பெரிய ஆயுதம். உனக்கு அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏறக்குறையச் சொன்னோம் என்பது போதாது என்று 2010-இல் ஜடேஜா வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது.

எடையையும் விடாதீர்கள். கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் போனால்தான் வணிக அளவு. குறைந்தபட்சம் 10 வருடம் என்பதும், 37-ஆம் பிரிவின் ஜாமீன் இறுக்கமும் அங்கேதான் வருகின்றன. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. அந்த நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. சாக்கோடு எடை போட்டார்களா, தண்டும் இலையும் எவ்வளவு, 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். 21 கிலோ வழக்கில் ஒன்றரைக் கிலோ தண்டும் சாக்கும் ஒருவனுடைய பல வருடங்களைத் தீர்மானிக்கும்.

வாரண்ட் இருக்கும் வழக்குகள் என் கைக்கு அபூர்வமாகத்தான் வந்திருக்கின்றன. அப்படி வந்தால் நான் அந்தத் தாளை மட்டும் பார்ப்பதில்லை, அதைக் கேட்டுக் கொடுத்த மனுவை வாங்கிப் படிப்பேன். என்ன தகவலை வைத்துக் கேட்டார்கள்? மாஜிஸ்திரேட் யோசித்துக் கையெழுத்திட்டதற்கு அதில் அடையாளம் உண்டா? கதவு எண் யாருடையது? ஒரே காம்பவுண்டில் மூன்று குடித்தனம் இருந்தால் எந்தக் குடித்தனத்துக்கு வாரண்ட்? யார் பெயருக்குக் கொடுத்தார்கள், போனது யார்?

இனி வரும் வழக்குகளுக்கு ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவின்படி, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவு செய்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் தயாரிப்பதும் சாட்சிகள் கையெழுத்துப் போடுவதும் அந்தப் பதிவில் வர வேண்டும். பதிவு இல்லையென்றால் வழக்கு தானாக விழும் என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. ஆனால் கையில் செல்போன் இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்குச் சாட்சிக் கூண்டில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் சோதனை நடந்தால் தடுக்காதீர்கள், தள்ளுமுள்ளு வேண்டாம். அது இன்னொரு வழக்காக மாறும். வீட்டுக்காரர் கூடவே நின்று பார்க்கவும், எடுத்த பொருள் பட்டியலின் நகலை வாங்கவும் பி.என்.எஸ்.எஸ். 103-ஆம் பிரிவில் உரிமை உண்டு. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் உடனே குறித்து வையுங்கள். எதிர்க் கடை சி.சி.டி.வி. பதிவு கொஞ்ச நாளில் அழிந்துபோகும், அதனால் அதைப் பாதுகாக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே கோர்ட்டில் மனு போடச் சொல்லுங்கள். தண்டனை வந்துவிட்டால் ஹைகோர்ட் அப்பீலுக்கு 60 நாள். அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைக்கவும் கேட்கலாம். என்.டி.பி.எஸ். சட்டத்தில் 32ஏ பிரிவு இருப்பதால் முடியாது என்று சிலர் சொல்வார்கள். கோர்ட்டின் அந்த அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்று 2000-இல் தாது என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் 37-ஆம் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும், எளிதல்ல.

சரி, அந்த அப்பீல் என்ன ஆனது? 42-ஆம் பிரிவின் நிபந்தனையை அடியோடு விட்டுவிட்டார்கள் என்று ஏற்று, கஞ்சா வழக்கில் விடுதலை கிடைத்தது. துப்பாக்கி வழக்கில் கிடைக்கவில்லை. அதே இரவு, அதே கதவு, அதே சோதனைதான். ஆனால் ஆயுதச் சட்டத்தில் 42-ஐப் போன்ற நிபந்தனை இந்தச் சோதனைக்கு இல்லை, அதனால் பூரன்மல் விதியே அங்கே நின்றது. நான் வேறு வழிகளையும் பார்த்தேன். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு வழக்குத் தொடர 39-ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். அனுமதி ஆணை இருந்தது. சுடக்கூடிய நிலையில் இருந்ததா என்ற நிபுணர் அறிக்கையும் இருந்தது. ஐந்து பேர் வசிக்கும் வீட்டில் பரண் மேல் இருந்தது இவனுடையதுதான் என்று எப்படிச் சொல்வது என்று வாதாடினேன், அதையும் ஏற்கவில்லை. இரண்டு வருடத் தண்டனை உறுதியானது. அதைவிட அதிக காலம் அவன் ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டதால் வெளியே வந்தான்.

அவனுடைய அம்மா தீர்ப்பு நகலை வாங்க வந்த அன்று, அந்த மூன்று கேள்வி உள்ள பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கீழ்க்கோர்ட் வக்கீலின் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன்.