ஃபில்டரை எவ்வளவு கழுவலாம்?

தோட்டத்துக் குளத்தின் ஃபில்டரைத் திறந்தால் ஸ்பாஞ்ச் முழுக்கப் பழுப்பாக ஒரு வழவழப்பு ஒட்டியிருக்கும். குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று அலசினால்தான் பலருக்கும் மனசு ஆறும். சில நாளில் கோய் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும். அதனால் பழி தீவனத்தின் மேல் விழும்.

அழுக்கை வடிப்பது ஃபில்டரின் பாதி வேலைதான். மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீவனமும் இலைதழையும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன. தண்ணீரில் கரைந்துவிட்ட இந்த விஷத்தை எந்த ஸ்பாஞ்சும் வடிக்காது. அந்த வழவழப்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைத் தின்கின்றன. நைட்ரோசோமோனாஸ் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரோஸ்பைரா அதை நைட்ரேட்டாக்கும். அதற்கப்புறம் பயமில்லை, அல்லிச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு வகை பாக்டீரியா வேண்டும் என்றுதான் நூறு வருடத்துக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2015இல் இரண்டையும் ஒன்றாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு அவை கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டிகளோடு இணைந்த ஒரு ஃபில்டர்!

இந்த ஃபில்டர் பாக்டீரியாக்கள் வளரும் வேகம்தான் சிக்கல். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கோ ஒரு நாள்கூட ஆகலாம். புது ஃபில்டர் முழு பலத்துக்கு வர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் கலப்பதே பாக்டீரியாவைக் கொல்லத்தான். அதில் ஸ்பாஞ்சைக் கழுவினால் அத்தனை வார வேலையும் போச்சு.

குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். சேறு வெளியேறட்டும், வழவழப்பு இருக்கட்டும். ஒரு தடவைக்குப் பாதி ஸ்பாஞ்ச் மட்டும். மீதி அடுத்த வாரம். கழுவ நாள் குறித்துக்கொள்ளத் தேவையில்லை. வெளியே விழும் தண்ணீரின் வேகம் குறைந்தால் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்காகக் கழுவாமலே விட்டுவிடவும் கூடாது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 4.5 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 30 டிகிரி வெயிலில் காயும் தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அடைத்துக்கொண்ட ஸ்பாஞ்சின் உள்ளே அதுவும் எட்டாது. மூடிய ஃபில்டரில் கரண்ட் போய் சில மணி நேரமானாலும் இதே கதிதான். கரண்ட் வந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், முதலில் வரும் தண்ணீரைக் குளத்துக்குள் விடாமல் வெளியே கொட்டிவிடுங்கள்.

போர் தண்ணீர்க்காரர்கள் பி.எச். அளவையும் (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண்; 7க்கு மேல் போனால் காரம்) பார்க்க வேண்டும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால், கரைந்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே கொடிய வடிவில் இருக்கும். 8இல் அது சுமார் 7 சதவீதம். 9இல் 40ஐத் தாண்டும். பாசி படர்ந்த குளத்தில் பி.எச். காலையைவிட மாலையில் அதிகம். காலையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை என்ன சொல்ல?

ஐப்பசி மழையில் நிலைமை தலைகீழ். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரின் காரத்தன்மையையும் செலவழிக்கின்றன. மழைநீர் அதை மேலும் நீர்க்கச் செய்யும். பி.எச். சரிந்தால் அவை வேலையை நிறுத்திவிடும். ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் கட்டி ஃபில்டருக்குள் போட்டுவைத்தால், தண்ணீர் புளிக்கப் புளிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈடுகொடுக்கும். எப்போது ஃபில்டரைக் கழுவினாலும், அப்புறம் இரண்டு மூன்று நாளைக்குத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மீன் அதனால் செத்துப்போகாது.