சைக்கிள் மோட்டாருக்குள் கரண்டை மாற்றிவிடுவது யார்?

சைக்கிளின் பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைப்பது புது யோசனை அல்ல. ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895 டிசம்பர் 31 அன்றே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 10 வோல்ட் பேட்டரி, 100 ஆம்பியர் வரை கரண்ட், உள்ளே பிரஷ்ஷும் (உரசியபடி கரண்டைக் கடத்தும் துண்டு) கம்யூட்டேட்டரும் (அது உரசும், துண்டு துண்டாகப் பிரிந்த செம்பு வளையம்). கோவையில் நானும் நண்பனும் ஒரு பழைய சைக்கிளில் பொருத்தியதும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். பிரஷ் மட்டும் இல்லை.

நண்பன் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் இந்த ஹப் மோட்டாரின் மூடியைத் திறந்ததுமே கேட்டான்: "டிசி பேட்டரியில ஓடும்ங்கற, பிரஷ்ஷையே காணோம். அப்போ கரண்டை யாருடா மாத்தி விடுறது?" சரியான கேள்வி. மின்சைக்கிளின் சூட்சுமம் முக்கால்வாசி அதற்குள்தான் இருக்கிறது.

சீலிங் ஃபேனைப் போல இந்த மோட்டாரிலும் நடுத்தண்டு அசையாது, வெளிக்கூடுதான் சுற்றும். காயில்கள் தண்டோடு நிற்கின்றன. கூட்டின் உள்விளிம்பில் வடக்கும் தெற்குமாக மாறி மாறி 46 காந்தங்கள் ஒட்டியிருக்கின்றன. காயிலில் கரண்ட் பாய்ந்தால் பக்கத்துக் காந்தத்தை இழுக்கும். காந்தம் நேர் எதிரே வந்துவிட்டால் இழுப்பு தீர்ந்தது, சக்கரம் அங்கேயே நின்றுவிடும். அதற்குள் கரண்ட் அடுத்த காயிலுக்குத் தாவியாக வேண்டும். பழைய மோட்டாரில் பிரஷ் உரசி உரசி இதைச் செய்தது. இங்கே அந்த வேலையைக் கன்ட்ரோலர் என்ற மின்னணுப் பெட்டி பார்க்கிறது.

கன்ட்ரோலரில் ஆறு மாஸ்ஃபெட்கள், அதாவது ஆறு மின்னணு சுவிட்சுகள். மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த வயர்களில் எந்த நேரத்திலும் இரண்டில்தான் கரண்ட் ஓடும், மூன்றாவது சும்மா இருக்கும். எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்வது காயில்களுக்கு இடையில் பதித்த மூன்று ஹால் சென்சார்கள். காந்தப்புலம் கரண்ட் ஓடும் தகட்டின் குறுக்கே சிறு வோல்டேஜை உண்டாக்கும் என்று எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்ததுதான் இவற்றின் அடிப்படை. ஒவ்வொரு சென்சாரும் தன் முன்னால் இருப்பது வடக்கா தெற்கா என்று மட்டும் சொல்லும். மூன்று பதில்களும் சேர்ந்தால் ஆறு நிலைகள் கிடைக்கும். 23 ஜோடிக் காந்தங்களுக்கும் ஆறு ஆறாக, ஒரு சுற்றுக்கு 138 மாற்றங்கள். 26 அங்குலச் சக்கரம் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்குச் சுமார் 460. பிரஷ்ஷாக இருந்தால் தேய்ந்திருக்கும், பொறி பறந்திருக்கும்.

வயரிங்கில் ஒரு வம்பு உண்டு. மோட்டாரும் கன்ட்ரோலரும் வெவ்வேறு கம்பெனி என்றால் நிறம் பார்த்து இணைப்பதை நம்ப முடியாது. மூன்று தடித்த வயர்களையும் மூன்று சென்சார் வயர்களையும் 36 விதமாக இணைக்கலாம். ஆறுதான் ஒழுங்காக ஓடும், அதிலும் மூன்று பின்னோக்கி. தப்பான இணைப்பில் சக்கரம் உறுமும், நடுங்கும், கரண்ட் மட்டும் கன்னாபின்னாவென்று ஏறும். அதனால் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, த்ராட்டிலை லேசாகத் திருகித்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பேட்டரிக்கு 18650 என்ற அளவு உருளை லித்தியம் செல்கள்: பத்து தொடராக, ஒவ்வொன்றுக்கும் நான்கு இணையாக. பெயரளவில் 36 வோல்ட், முழுச் சார்ஜில் 42. செல்களை நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். சால்டரிங் அயர்னின் சூடு செல்லைக் கெடுத்துவிடும். ஒரு செல்கூட அளவுக்கு மீறி ஏறாமல், இறங்காமல் காக்க பிஎம்எஸ் என்ற பேட்டரிக் காவல் சர்க்யூட் கட்டாயம். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பலரும் கவனிக்காத இடம் தண்டு. மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது தண்டு அதே பலத்தோடு பின்பக்கம் முறுக்கும். 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 12 மில்லிமீட்டர் தண்டின் இரண்டு விளிம்பிலும் தலா ஏறக்குறைய கால் டன் அழுத்தமாக விழுகிறது. நட்டு மட்டும் தாங்காது. தண்டு நழுவிச் சுழன்றால் அதன் வழியாக வரும் வயர்களெல்லாம் முறுக்கி அறுந்துபோகும். நண்பன் லேத் பட்டறையில் இரும்புப் பட்டை வெட்டி, தண்டின் தட்டையான பக்கத்தைக் கவ்வும்படி ஒரு டார்க் ஆர்ம் செய்து ஃபிரேமோடு பிணைத்தான்.

அப்புறம் வேகம். சுற்றும் மோட்டார் தானே ஜெனரேட்டராகவும் இருந்து எதிர் வோல்டேஜை உண்டாக்கும். அது பேட்டரி வோல்டேஜை நெருங்கினால் அதற்கு மேல் வேகம் ஏறாது. 48 வோல்ட் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று நண்பனுக்கு ஆசை. 48 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 54.6 வரை போகும், கன்ட்ரோலரில் இருக்கும் கெப்பாசிட்டர்களோ 50 வோல்ட்தான் தாங்கும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டு இருக்கும்வரை லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வண்டி.