சார்ட்டர் விமானம் நின்றுபோனால் உங்கள் பணம் யாரிடம்?

நொடித்துப்போன நிறுவனங்களின் கணக்கை முடித்துக் கொடுப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரின் ஒரு சின்ன சார்ட்டர் விமான நிறுவனம், அதாவது வழக்கமான அட்டவணை இல்லாமல் தேவைக்கேற்ப விமானம் விடும் நிறுவனம், என் மேசைக்கு வந்தது. பெயர் வேண்டாம். வாடகைக்கு எடுத்த இரண்டு விமானங்கள், ஓர் அலுவலகம், விழாக்காலத்தில் ஊருக்குப் போகிற கூட்டம். இதுதான் மொத்தத் தொழிலும்.

முதல் வருஷம் அமோகம். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் இங்கிருந்து நிரம்பிப் போகிற விமானம், திரும்பும்போது பாதிக்கு மேல் காலி. எரிபொருள் இரண்டு வழிக்கும்தான் எரிகிறது. விமானத்தின் சொந்தக்காரரோ, பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கான வாடகை என்று கறாராக வாங்கிவிடுவார். அதுவும் அமெரிக்க டாலரில். டிக்கெட் விற்பது சிங்கப்பூர் வெள்ளியில்.

கணக்கைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஜூன் மாத எரிபொருள் பில்லை அடைத்தது, நவம்பரில் பறக்க வேண்டியவர்கள் கட்டிய பணம். அப்புறம் ஒரு விமானத்தின் எஞ்சின் பழுதானது. மாற்று விமானம் எடுக்கக் கையில் காசில்லை. கார்டு பணத்தைக் கைமாற்றித் தரும் வங்கிக்கு இது தெரிந்ததும், பயணி பறந்து முடித்த பிறகுதான் பணம் தருவேன் என்று பிடித்து வைத்தது. மூன்றே வாரத்தில் கதை முடிந்தது.

சின்னதாகத் தொடங்கினாலே விழும் என்றில்லை. 1975இல் தொடங்கிய டிரேட்விண்ட்ஸ் சார்ட்டர்ஸ்தான் 1992இல் சில்க்ஏர் ஆனது. அதற்குப் பக்கபலமாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருந்தது. 2025 ஜூலை 31இல் சேவையை நிறுத்திய ஜெட்ஸ்டார் ஏஷியாவும் முன்கூட்டியே அறிவித்து, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தது. அதில் ஆஸ்திரேலியாவின் பெரிய விமான நிறுவனமான குவாண்டாஸுக்கு 49 விழுக்காட்டுப் பங்கு. நான் பார்த்த நிறுவனத்துக்கு அப்படி யாரும் இல்லை.

விமானங்களைச் சொந்தக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நாற்காலியும் கணினியும். அதை விற்று வருவதில் நிறுவனத்தைக் கலைக்கும் செலவு, ஊழியர் சம்பளம், அவர்களின் ஓய்வுக்கால சேமிப்பான மத்திய சேமநிதிக்குக் கட்ட வேண்டியது, வரி எல்லாம் போன பிறகுதான் டிக்கெட் வாங்கியவர் முறை. சாதாரணமாக அதுவரை எதுவும் மிஞ்சாது.

கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் தங்கள் வங்கியிடம் முறையிட்டார்கள், பெரும்பாலோருக்குப் பணம் திரும்பியது. பயணக் காப்புறுதி வைத்திருந்த சிலர் ஏமாந்தார்கள். பாலிசியில் பயண முகவர் நொடித்தால் இழப்பீடு என்று இருந்ததே தவிர, விமான நிறுவனத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. வாங்குமுன் அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐந்து டிக்கெட், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக. போன் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பும் பேநவ்வில் அனுப்பிய பணம். பணம் கேட்டு அவர் நிரப்பிய படிவத்தை என்னால் வாங்க முடியவில்லை, ஏனென்றால் ரசீதில் இருந்தது விமான நிறுவனத்தின் பெயரல்ல, டிக்கெட் விற்ற ஏஜெண்டின் பெயர். ஏஜெண்டு இன்னும் கடை நடத்திக்கொண்டுதான் இருந்தார். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுக்கும் சிறு கோரல் நடுவர் மன்றத்துக்கு, இரண்டு ஆண்டுக்குள் போகச் சொன்னேன்.

“இந்தத் தாள் போதுமா தம்பி?”

பணம் அனுப்பியதற்கான சான்றும் வேண்டும் என்றேன். வெளியே உட்கார்ந்திருந்த பேரனைக் கூப்பிட்டு, போனில் தேடச் சொன்னார்.