பழைய பைக்கில் இன்ஜின் வேலை: கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வருபவர்களில் பலர், குறை என்ன என்று சொல்வதற்கு முன்பே தீர்வைச் சொல்லிவிடுகிறார்கள். “புகை தள்ளுதுண்ணே, போர் கிட்டை மாத்திடுங்க” என்பதே வழக்கமான முதல் வாக்கியம். சிலிண்டர், பிஸ்டன், ரிங் ஆகியவை சேர்ந்ததுதான் போர் கிட்; அதை மாற்ற வேண்டிய வண்டிகள் உண்டுதான். ஆனால், மாற்றிய பிறகும் அதே புகையோடு ஆறே மாதத்தில் திரும்பி வரும் வண்டிகளும் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கும்போது, முதல் முறை யாரும் எதையும் அளக்கவில்லை என்பது தெரிந்துவிடும். 1994-இல் அறிமுகமான ஸ்பிளெண்டரும் அதன் குடும்பத்து 100 சிசி வண்டிகளும் இன்றும் நம் ஊர்களில் ஏராளமாக ஓடுவதால், இங்கே அந்த இன்ஜினையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ., கொள்ளளவு 97.2 சிசி.

புகையை முதலில் நிறத்தை வைத்தும், பிறகு அது வரும் நேரத்தை வைத்தும் பிரித்துப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள். அது கார்புரேட்டர் அல்லது ஏர் ஃபில்டர் சம்பந்தப்பட்டது, இன்ஜினைப் பிரிக்கவே வேண்டியதில்லை. மார்கழிக் காலையில் சைலன்சரிலிருந்து சிறிது நேரம் வரும் வெண்ணிற ஆவி வெறும் நீராவி. நீலம் கலந்த புகைதான் ஆயில் எரிவதைக் காட்டுவது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப் புகை வந்து, சற்று நேரத்தில் நின்றுவிட்டால், வால்வு சீலையும், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடையும் சந்தேகிக்க வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கி, மறுபடி திறக்கும்போது குபுக்கென்று வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். சூடேறிய பிறகும், ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் விடாமல் வந்தால்தான் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன என்ற முடிவை நோக்கி நகரலாம்.

அந்த முடிவை உறுதிப்படுத்த ஓர் எளிய சோதனை இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்தபடி, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை கிக்கரை உதைக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திறக்காமல் உதைத்தால் உள்ளே காற்றே போதிய அளவு போகாது. நல்ல இன்ஜின்கூடக் குறைவாகக் காட்டும். அளவு குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி உதைக்க வேண்டும். இப்போது முள் நன்றாக ஏறினால், ஆயில் தற்காலிகமாக அடைத்த இடம் ரிங்குக்கும் போருக்கும் இடையிலான சந்து என்று அறியலாம். ஏறவில்லை என்றால் காற்று வால்வு வழியாகவோ, ஹெட் கேஸ்கெட் வழியாகவோ வெளியேறுகிறது. போர் கிட்டை மாற்றினால் ஒன்றும் ஆகப்போவதில்லை. வண்டியைக் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைத் தங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லும் உரிமை உரிமையாளருக்கு உண்டு.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடானதும் அடங்கும் தட்டல் பிஸ்டனிலிருந்து வருவது. அது உடனடி ஆபத்து அல்ல. இன்ஜின் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த ‘டக் டக்’ ஒலி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையில் உள்ள பிக் எண்டு பேரிங்கினுடையது. அது வந்துவிட்டால் வண்டியை ஓட்டவே கூடாது. இங்கேதான் ஒரு தவறான தீர்ப்பை அடிக்கடி பார்க்கிறேன். சிலிண்டரைக் கழற்றியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துக் காட்டி, “பாருங்க, ஆட்டம் வந்துடுச்சு, கிராங்க் போச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கவாட்டில் ஓரளவு அசைவு புது கிராங்கிலேயே இருக்கும். ஆயில் உள்ளே போவதற்கே அந்த இடைவெளி தேவை. பார்க்க வேண்டியது மேலும் கீழுமான அசைவை. கிராங்கை மேல்நிலையில் நிறுத்தி, ராடை நேராக மேலே இழுத்துக் கீழே அழுத்தும்போது கைக்கு ஒரு ‘டிக்’ தெரிந்தால் மட்டுமே பிக் எண்டு தேய்ந்திருக்கிறது. இந்த வேறுபாடு ஹாஃப் இன்ஜின் வேலைக்கும் (கிராங்கைத் தொடாதது) ஃபுல் இன்ஜின் வேலைக்கும் (கிராங்கையும் பிரிப்பது) இடையிலான செலவு வேறுபாடு என்பதால், உரிமையாளர் அறிந்து வைத்திருப்பது நல்லது.

தேய்மானம் உறுதியான பிறகும், அது ஏன் வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. காய்கறிச் சுமை ஏற்றிச் செல்லும் ஒருவருடைய வண்டி, வேறோர் இடத்தில் இரண்டு முறை போர் கிட் மாற்றப்பட்டு எங்களிடம் வந்தது. சிலிண்டரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக நுண்ணிய கோடுகள். பிஸ்டனின் ஓரம் மங்கிய சாம்பல் நிறத்தில், எண்ணெய்ப் பளபளப்பே இல்லாமல் இருந்தது. இது மண் தின்ற இன்ஜினின் முகம். ஏர் ஃபில்டரோ புதியது. ஃபில்டர் பெட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது, கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்குக் கீழே, மடிப்புக்குள், விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு தூசி நேராக இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் குழாயை மாற்றாமல் எத்தனை பிஸ்டன் போட்டாலும் அதே கதிதான். ‘சவுண்ட் நல்லா வரும்’ என்று ஃபில்டர் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்.

இனி அளப்பதற்கு வருவோம். போர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில், அதாவது சிலிண்டரின் மேல் ஓரத்துக்குச் சற்றுக் கீழே, தேய்மானம் அதிகம். பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில் அதைவிட அதிகம். எனவே போர் கேஜை வைத்து மேல், நடு, அடி என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். பிஸ்டனை அதன் அடிப்பகுதியில், பிஸ்டனை ராடோடு கோக்கும் ‘பின்’னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இவற்றின் வித்தியாசத்தை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டால் தீர்ப்பு கிடைத்துவிடும். போர் கேஜ் இல்லாத பட்டறையிலும் ஒரு வழி உண்டு: ரிங்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்ப்பது. புது ரிங்கில் 50 மி.மீ. போருக்கு ஏறத்தாழ 0.2 மி.மீ. இருக்கும், அது பல மடங்கு பெருகியிருந்தால் விடை தெளிவு. விரலால் தடவிப் பார்த்து “போர் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

போரிங் செய்ய வேண்டியிருந்தால், பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் சிலிண்டரை லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். குடைந்து அகலமாக்கிய போருக்கான ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. படிகளில் வருகின்றன. “அம்பது பாயிண்ட் போடுங்க” என்று வாய்வழியாகச் சொல்லி அனுப்பினால், எண்ணுக்குத் தகுந்தாற்போல் குடைவார்கள். ஆனால் பிஸ்டன்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நுண்ணளவில் வேறுபடும். நெருக்கமாக வைத்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், தளர்வாக வைத்தால் முதல் நாளே தட்டல் கேட்கும். பெரிய ஓவர்சைஸ் போட்டால் பிக்கப் கூடும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. கணக்குப் போட்டால், 51 மி.மீ. ஆனாலும் கொள்ளளவு 101 சிசியைத்தான் தொடுகிறது. ஆகவே, தேய்மானத்தை நீக்கப் போதுமான மிகச் சிறிய படியையே தேர்ந்தெடுக்க வேண்டும். மீதிப் படிகள் அடுத்த முறைக்கு உதவும்.

லேத்திலிருந்து வந்த சிலிண்டரைக் கழுவும் விதத்தில்தான் பல இன்ஜின்களின் ஆயுள் தீர்மானமாகிறது. ஹோனிங் செய்த (சாணைக்கல்லால் தீட்டிய) சுவரின் குறுக்குக் கோடுகளுக்குள் சாணைக்கல் தூள் ஒளிந்திருக்கும். பெட்ரோலால் கழுவினால் எண்ணெய்ப் பசை போய்விடும், தூள் அங்கேயே தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நீரில் அலசி, காற்றடித்து உலர்த்திய பிறகு, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் கறை வந்தால் மறுபடியும் கழுவ வேண்டும். கறையே வராத நிலை வந்ததும் தாமதிக்காமல் ஆயில் பூசிவிட வேண்டும்; வார்ப்பிரும்புச் சுவர் ஈரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடிக்கும்.

ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே இருப்பது, ரிங் வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் சுற்றிலும் பிரித்து வைப்பது, பிஸ்டனின் குறி இன்டேக் பக்கம் இருப்பது, பின் லாக்கைப் புதிதாகவே போடுவது ஆகியவை கைதேர்ந்த மெக்கானிக்குக்குச் சொல்ல வேண்டியவை அல்ல. ஆனால் பேக்கிங்குக்கு ஷெல்லாக் பசையை அள்ளிப் பூசும் பழக்கத்தைக் கண்டிக்கத்தான் வேண்டும். இந்தக் குடும்பத்து இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டுக்கும் ராக்கருக்கும் ஆயில் செல்வது, சிலிண்டர் வழியாக மேலே போகும் ஒரு ஸ்டட்டைச் சுற்றியுள்ள குறுகிய சந்தின் வழியாகத்தான். பிதுங்கிய ஷெல்லாக் அங்கே காய்ந்து அடைத்தால், புது போர் கிட் அருமையாக ஓடிக்கொண்டிருக்க, மேலே கேம் ஷாஃப்ட் ஆயிலின்றிக் கருகிவிடும்.

எதை மட்டும் மாற்றுவது, எதைச் சேர்த்து மாற்றுவது என்பதில் சிக்கனம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இழக்கிறார்கள். நீள்வட்டமாகத் தேய்ந்து, கண்ணாடிபோல் வழுவழுத்த பழைய போரில் புது ரிங்கை மட்டும் போட்டால் அது சுவரோடு படியாது. புது டைமிங் செயினைப் பழைய ஸ்பிராக்கெட்டிலும், இறுகிப்போன ரப்பர் ரோலரிலும் ஓட்டினால் சத்தம் விரைவில் திரும்பிவிடும். வால்வைச் சீட்டில் உட்காரவைக்க அரைத்துக் கொடுப்பது நல்ல வேலைதான். ஆனால் கைடு தேய்ந்து வால்வுத் தண்டு ஆடினால் அந்த அரைப்பு நிலைக்காது. அரைத்த வால்வைப் பொருத்தி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடம் வைத்து, மறுபக்கம் கசிகிறதா என்று பார்த்த பிறகே ஹெட்டை ஏற்ற வேண்டும்.

உதிரி பாகங்களைப் பொறுத்தவரை, சென்னை ஜி.பி. ரோட்டிலும் கம்பெனிப் பொருளுக்குப் பக்கத்திலேயே அதைப்போல் அச்சிட்ட அட்டையில் போலிப் பொருளும் கிடைக்கும். பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங் இந்த நான்கையும் பில்லோடு, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள். புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்கள் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மட்கார்டு, டேங்க், ஹெட்லைட் டூம் வரை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத கிராங்கை அங்கிருந்து வாங்கிப் போடுவது சூதாட்டம்.

தேய்ந்ததை மாற்றுவதிலிருந்து, சக்தியைக் கூட்டுவதற்கு நகர்ந்தால் நிலைமையே வேறு. 1996-இல் தயாரிப்பு நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் போரும் ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ.; 98 சிசி. ஆர்எக்ஸ் 135-இன் ஸ்ட்ரோக்கும் அதே 50 மி.மீ., போர் 58 மி.மீ. என்பதால், அந்தப் பிளாக்கை இதில் ஏற்றித் தரும்படி கேட்டு வருகிறார்கள். அப்படி மாற்றினால் 132 சிசி ஆகிவிடும். பிரேக் மட்டும் பழைய டிரம் பிரேக்காகவே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது, ஆர்.சி.யில் சிசி அளவும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இத்தகைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் எழுப்பும் கேள்விகள் தனி. இந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை.

மாறாக, வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-இல் பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது போன்ற மேம்பாடுகள் பயனுள்ளவை: இன்ஜினின் அளவுகள் எதுவும் மாறுவதில்லை, அடிக்கடி இடைவெளி சரிபார்க்கும் வேலை குறைகிறது, ஸ்டார்ட்டிங் சீராகிறது. எல்லாப் பழைய வண்டிகளுக்கும் இன்று பரிந்துரைக்கும் இன்னொன்று, இன்ஜின் வேலையோடு பெட்ரோல் டியூப், டேங்க் டேப் ரப்பர், கார்புரேட்டரின் ஓ-ரிங், நீடில் வால்வு ஆகியவற்றையும் புதிதாக்குவது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவோ இறுகவோ செய்யக்கூடும். அதோடு, கார்புரேட்டரின் அதே ஜெட்டில் (பெட்ரோல் வரும் துளை) கலவை சற்றுப் பெட்ரோல் குறைந்ததாக அமைவதால், புது பிஸ்டன் கூடுதல் சூட்டைத் தாங்க நேரும். ஓட்டிய பிறகு பிளக்கின் பீங்கான் வெளிறிய வெள்ளையாகத் தெரிந்தால் கார்புரேட்டரைச் சரிசெய்ய வேண்டும்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும், முதல் 500 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாமல், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். டாப் கியரில் திணறவிடுவது, முழு ஆக்சிலேட்டரில் முறுக்குவதைப்போலவே கெடுதல். ஸ்டாண்டில் போட்டு மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுவதால் ரிங் படியாது. அளவான சுமையில்தான் படியும். 500 கி.மீ.யில் ஆயிலை மாற்றி, சல்லடையைக் கழுவி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டாப்பெட் (வால்வு) இடைவெளியையும் ஹெட் நட்டுகளின் இறுக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். கிளட்ச் இதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது என்பதால், டப்பாவில் ஜாசோ எம்ஏ தரக்குறி உள்ள பைக் ஆயிலாக இருக்கட்டும். கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கலாம். வடித்த முதல் ஆயிலில் வெயிலில் மினுமினுக்கும் நுண்துகள் தெரிவது இயல்பே. விரலில் நெருடும் அளவுக்குத் துணுக்குகள் இருந்தால் மறுபடி ஓட்டாமல் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் கிலோமீட்டர் அளவு, போட்ட பிஸ்டனின் நிறுவனம், ஓவர்சைஸ் எண், பிஸ்டனுக்கும் போருக்கும் வைத்த இடைவெளி ஆகிய நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை இன்ஜினைத் திறப்பவர் நானாக இல்லாவிட்டாலும், சிலிண்டரில் இன்னும் எத்தனை படி மிச்சமிருக்கிறது, புது உட்குழலான ஸ்லீவ் போட வேண்டுமா என்பதைத் திறக்காமலே அவரால் சொல்லிவிட முடியும்.