புது ஆடு பட்டிக்குள் போகும் முன் 21 நாள்

சந்தையில் வாங்கி வந்த ஆடு ஒரு வாரத்தில் படுத்துவிடுகிறது. அதற்கடுத்த வாரம் வீட்டு ஆடுகளும் மூக்கொழுகிக் கழியத் தொடங்குகின்றன. சாயல்குடியில் இருந்து தொண்டி வரை கடற்கரை ஊர்களில் இதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "தண்ணி சேரலை." உப்புக் கரிக்கும் தண்ணீர் உள்நாட்டு ஆட்டுக்குச் சிரமம் தருவது உண்மை. ஆனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத ஆடு தன் கழிச்சலைப் பக்கத்து ஆட்டுக்குக் கொடுக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் அது தொற்று. அதை விலை கொடுத்து வாங்கி, வண்டியில் ஏற்றி, நாமே பட்டிக்குள் இறக்கியிருக்கிறோம்.

இதில் முதலில் அஞ்ச வேண்டியது ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் மாநிலத்தில்தான், விழுப்புரம் பக்கம் அரசூரில், 1987இல். நோய்க்கிருமி உடலில் புகுந்து காய்ச்சல் காட்டப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு நாளாகும். சிலவற்றில் இன்னும் தள்ளிப்போகும். எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையிலோ பரமக்குடிச் சந்தையிலோ துள்ளிக்கொண்டு நிற்கும் ஆடு, உள்ளே நோயைச் சுமந்துகொண்டும் நிற்கலாம். பல்லையும் மடியையும் பார்த்து வாங்கும் கைதேர்ந்தவர் கண்ணுக்கும் அது தெரியாது. 21 நாள் தனியே வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் வேலை அதற்கும் முன்பே தொடங்குகிறது. புது ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். காக்கப்பட வேண்டியது முதலில் வீட்டுப் பட்டி. ஊசி போட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் எதிர்ப்பாற்றல் முழுதாக வரும் என்பதால், வாங்கப் போவதற்கு மூன்று வாரம் முன்பே வீட்டு ஆடுகளுக்குப் போட்டுவிடுங்கள். அளவு 1 மி.லி., தோலுக்கடியில், நான்கு மாதம் நிறைந்த குட்டியிலிருந்து. ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு தாங்கும். உயிர்க்கிருமித் தடுப்பூசி என்பதால் வெயிலில் பையில் போட்டு எடுத்துவந்தால் வீணாகிவிடும். ஐஸ் பெட்டி கட்டாயம். கரைத்தபின் வைத்திருக்காமல் உடனே போட்டு முடிக்க வேண்டும்.

தனிக்கொட்டில் எந்தப் பக்கம் என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பழைய பட்டிக்கு வடகிழக்கே, வாடை வீசும் ஐப்பசி முதல் தை வரை தென்மேற்கே. குறைந்தது முப்பது அடி தள்ளி. பனைமட்டை வேலி போதும், மேலே ஓலை நிழல் வேண்டும். தொட்டி, வாளி, கயிறு எல்லாம் தனி. ஒரே ஆள்தான் இரண்டையும் பார்க்கிறார் என்றால் முதலில் வீட்டு ஆடுகள், கடைசியில் புதியவை. திரும்பும்போது கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாசலில் லிட்டருக்கு 40 கிராம் வாஷிங் சோடா கரைத்து வைத்துக் காலை நனைத்து வருவது நல்ல பழக்கம்.

வந்த அன்று தண்ணீரும் வேப்பங்குழையோ அகத்தியோ மட்டும். பசித்திருக்கிறதே என்று அரிசியும் தீவனமும் அள்ளி வைப்பதால்தான் வயிறு உப்பிச் சாவதும் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) வருவதும். அடர்தீவனத்தை மூன்றாம் நாள் 50 கிராமில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சிறிது கூட்டுங்கள். வயிற்று நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்கு மாற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். சீமைக்கருவை நெத்துக்கும் இதே கணக்குதான். நம் பக்கம் கோடையில் ஆடுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. பழகாத ஆடு ஒரே நாளில் வயிறு முட்டத் தின்றால் செரிக்காமல் கட்டிக்கொள்ளும். கிணற்று நீர் கரித்தால் முதல் சில நாள் நல்ல தண்ணீரோடு கலந்து வைத்து, மெல்ல மாற்றுங்கள்.

முதல் பத்து நாள், காலையில் வெயில் ஏறுமுன், ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 104 தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உதட்டை விரித்து ஈறையும் நாக்கின் அடியையும் பாருங்கள். உதட்டு ஓரத்தில் மட்டும் காய்ந்த பொருக்கு, ஆடு ஓரளவு தின்கிறது என்றால் பெரும்பாலும் வாய்க்கொப்புள அம்மை. அது மனிதக் கைக்கும் ஒட்டும், வெறுங்கையால் தொடாதீர்கள். வாய்க்குள் தவிடு ஒட்டியது போன்ற வெளிறிய புண், துர்நாற்றம், கண்ணில் பீளை, கெட்டிச் சளி, இருமல், பிறகு கழிச்சல் என்று வரிசையாக வந்தால் ஆட்டுக்கொல்லி என்றே வைத்துக்கொண்டு 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள். அந்த ஆட்டை "விலை போகும்வரை போகட்டும்" என்று மறுபடி சந்தைக்கு ஓட்டுவது அடுத்த வீட்டுப் பட்டியைக் கொல்வது. செத்தால் ஆறடி ஆழம், மேலே சுண்ணாம்பு. மணற்பாங்கான இடத்தில் நாய் தோண்டிவிடும், முள்ளை வெட்டிப் போட்டு மூடுங்கள்.

காய்ச்சல் இல்லாமல் ஒரு வாரம் கடந்தால் எட்டாம் நாள் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி. முதல் நாளே போட்டால், ஏற்கெனவே நோய் உள்ளிருக்கும் ஆடு செத்து, பழி ஊசி மேல் விழும்.

குடற்புழு மருந்தை எடை பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றுவது பெருந்தவறு. குறைந்த அளவில் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். பழகிய அந்தப் புழுவும் புது ஆட்டோடு நம் மேய்ச்சலுக்கு வந்து சேரும். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது. கண்மாய்க் கரையில் மேய்ந்து வந்த ஆட்டுக்குத் தட்டைப்புழுவுக்கென்று வேறு மருந்து தேவைப்படும். சினை தொடங்கிய மாதத்தில் ஆல்பென்டசோல் கூடாது. மருந்து கொடுத்தபின் இரண்டு நாள் கொட்டிலிலேயே வைத்து, புழுக்கையைக் கூட்டி மக்கவிடுங்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு. பத்துப் பதினான்கு நாள் கழித்துப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டினால் மருந்து வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும்.

22ஆம் நாள் சேர்க்கலாம். ஒற்றை ஆட்டைச் சேர்ப்பதைவிட இரண்டு மூன்றாகச் சேர்ப்பது நல்லது, பழைய ஆடுகள் முட்டும் அடி பங்கு போகும். இடம் திறந்தவெளி மேய்ச்சலாக இருக்கட்டும். மூலை இருக்கும் கொட்டிலில் ஒதுங்க வழியில்லாத ஆட்டை முட்டி விலாவை உடைத்துவிடும். குட்டி போட ஒன்றரை மாதம் இருக்கும் சினையாடுகளை இந்தச் சேர்க்கையிலிருந்து விலக்கி வையுங்கள். தொட்டியில் ஆட்டுக்கு ஒன்றரை அடி இடம், தண்ணீர் இரண்டு இடத்தில். இரண்டு செம்மறிக் கிடாக்களைச் சேர்ப்பதாயின், பின்வாங்கி ஓடிவந்து மோத இடமில்லாத சிறு அடைப்பில் ஓரிரு நாள் நெருக்கி வைத்துவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். ஓடிவந்த மோதலில் கழுத்து முறிந்து சாவதுண்டு.

முட்டல் இரண்டு மூன்று நாளில் அடங்கும், அதைப் பிடித்து விலக்க வேண்டியதில்லை. கொம்பு உடைந்து இரத்தம் வந்தாலோ ஆடு தனியே நின்றாலோ பாருங்கள். மாலையில் பட்டி திரும்பும்போது புது ஆட்டின் இடது விலாப்பள்ளம் குழி விழுந்திருந்தால் அன்று அதை மேயவிடவில்லை என்று பொருள். இரவுக்குப் பிரித்துத் தனியே தீனி வைத்து, மறுநாள் பட்டியில் சாதுவான ஓர் ஆட்டைத் துணை சேர்த்து விடுங்கள்.